கையெழுத்துகளுக்கு மேலே விட்ட இடம்

ஹென்டர்சன் லைன்,
ஊரிகம், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
8-9-2024

ராதிகாவுக்கு,

இன்று 8-9-2024, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 10 நிமிடத்திலிருந்து 7 மணி 5 நிமிடம் வரை. வாசல் குழாய்கள் 143. தண்ணீர் வந்தவை 9. மீதி 134 குழாயிலும் அழுத்தமானியின் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மானி நான் வேலைசெய்யும் இடத்தில் வெள்ளிக்கிழமைதான் சரிபார்த்துக் கொண்டுவந்தது. கோளாறு மானியில் இல்லை.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நலமா? விநாயக் நலமா? தாவணகெரேயில் மழை உண்டா?

தபாலில் எழுதுவதற்குக் காரணம், பிப்ரவரியிலிருந்து உன் எண்ணுக்கு நான் அனுப்பிய எதுவும் ஒற்றை டிக்கைத் தாண்டவில்லை. என்னைத் தடுத்துவைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. பதிவுத் தபாலைத் தடுக்க முடியாது. ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். குடிநீர்த் திட்டக் குழாய் உனக்குத் தெரிந்த அதே இடத்தில்தான் நிற்கிறது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்பது வீடு, அந்தப் பக்கம் நூற்று முப்பத்து நான்கு வீடு. பாதைக்கு அடியில் நாற்பது அடி குழாய் போட வேண்டும், அதற்கு ரயில்வேயிடம் அனுமதி கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் இந்தப் பக்கம் குழாயை மூடி போட்டு நிறுத்தினார், அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்கி வீட்டுக்கு வீடு குழாய் நட்டார், ஒவ்வொரு குழாய்க்குப் பக்கத்திலும் வீட்டுக்காரரை நிறுத்திப் போட்டோ எடுத்தார். உங்கம்மா சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவும் அலுவலகக் கணினியில் இருக்கிறது. போட்டோவில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று எந்த மகானுக்குத் தெரியும்?

போன நவம்பரில் 143 வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். பாதைக்கு அடியில் குழாயைச் சேர்த்துக் கொடுங்கள் என்று ஒரே கோரிக்கை. பத்து மாதமாகப் பதில் இல்லை. ஜூலையில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். போன வாரம் ஆறு பக்கம் நகல் வந்தது. முதல் பக்கத்தில் முத்திரை, 'முடித்துவைக்கப்பட்டது' என்று. அதை மட்டும்தான் என்னால் படிக்க முடிந்தது. கன்னடம் பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், பள்ளியில் முப்பத்தைந்து மார்க் வாங்கினேன். கோர்த்து எழுதிய இந்த அலுவலகக் கன்னடம் எனக்கு எறும்பு வரிசை. லைனில் இதைப் படிக்கக்கூடிய இரண்டு பேருக்கும் வாய் நிற்காது.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் மனுவை என்ன சொல்லி மூடினார்கள் என்று வரி வரியாக எழுதி அனுப்பு. அக்டோபர் 23 புதன்கிழமை திட்டத்தின் இறுதி விசாரணை. அன்றைக்கு மூடிவிட்டால் நம் லைன் 'தண்ணீர் பெற்ற லைன்' என்று பதிவாகும். அதன் பிறகு எந்தத் திட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

தாமதம் செய்யாதே.

ரூபேஷ்
செயலாளர், ஹென்டர்சன் லைன் குடியிருப்போர் சங்கம்

*

தாவணகெரே
16-9-2024

அன்புள்ள ரூபேஷுக்கு,

அட்டையில் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பிப்ரவரி பதினொன்று எனக்கும் விநாயக்குக்கும் கல்யாணம். நீ வந்தாய், பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கினாய். '3-ஆம் விதிப்படி, குடியிருப்பவர் மட்டும்' என்று ஒரு வரி. எட்டு வருஷமாக அந்த லைனிலிருந்து போன மனுக்கள், கடைசி ஒன்றைத் தவிர, எல்லாம் என் கையால் போனவை. தலையில் பூ வாடவில்லை, அதற்குள் நான் வெளியாள். உன்னை ஏன் தடுத்துவைத்தேன் என்று இனி கேட்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

மழை உண்டு. விநாயக் நலம். இங்கே எங்களுக்கும் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். ஆனால் வருகிறது.

இப்போது உன் ஆறு பக்கம். மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். இது மனு இல்லை, ரூபேஷ். முதல் பக்கத்தில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

'கீழே கையெழுத்திட்டுள்ள ஹென்டர்சன் லைனைச் சேர்ந்த நாங்கள் 143 குடும்பத்தார் தெரிவித்துக்கொள்வது: எங்கள் வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு கிடைத்து, தினமும் போதுமான தண்ணீர் பெற்றுவருகிறோம். வேலை எங்களுக்குத் திருப்தி. மேற்படி பகுதியில் திட்டத்தை முடித்துவைப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஐந்து பக்கம் கையெழுத்துகள். முதல் கையெழுத்து உன்னுடையது.

எழுதியது என் கை இல்லை. உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நாம் எப்போதும் செய்வதுபோலத்தான் அந்தத் தடவையும் செய்தோம்: காலை வண்டியில் பெங்களூருக்குப் போகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் கையெழுத்து, பிறகு எழுத்து. கன்னடத்தில் எழுதுவதற்காக முதல் தாளை வெறுமையாக விட்டு, அடுத்த தாளிலிருந்து கோடு போட்டு நம்பர் போட்டோம். அந்த வாரம் எனக்கு மைசூரில் பரீட்சை. திங்கட்கிழமை வந்து எழுதித் தருகிறேன், அதுவரை பொறு என்றேன். நீ 'தேவையில்லை, ஆள் பார்த்துவிட்டேன்' என்றாய்.

யார் அந்த ஆள்? தாள்களை யாரிடம் கொடுத்தாய்?

அன்புடன்,
ராதிகா

*

ஹென்டர்சன் லைன்
22-9-2024

ராதிகாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை இரவு வேலையிலிருந்து வந்ததும் கைக்குக் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பச்சையான திருட்டு. இவ்வளவு நாள் நான் சோம்பேறிகளோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடுக்கவில்லை என்பதோடு நில்லாமல், தண்ணீர் வந்தது என்று நம் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார்கள். திருப்தியாம். யாருக்குத் திருப்தி? பத்து மாதத்தில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு குழாயை, ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். திறக்க எத்தனை நொடி ஆகும்? நான் அளந்திருக்கிறேன். நான்கு.

நேற்று காலை வண்டியில் எல்லோரிடமும் சொன்னேன். பெட்டியே கொதித்தது. 88-ஆம் வீட்டுச் சாமுவேல் அண்ணன் எழுந்து நின்று கத்தினார்: "நான் கையெழுத்தே போடலைன்னு சொல்றேன்பா. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் பைபிள் மேல கை வெச்சி சொல்றேன். எவன் பாத்தான்?" அவர் சொன்னதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சாயந்திரம் லைனில் சொன்னேன். உங்கம்மா இரண்டு குடத்தோடு அப்போதுதான் பாதையைத் தாண்டி வந்தார். "தண்ணி தினமும் வருதுன்னு நான் எழுதிக் குடுத்தேனா? அப்ப இந்தக் குடத்தத் தூக்கிக்கினு ரயில் ரோட்டுல நான் இன்னா வாக்கிங் போறேனா?" என்று கேட்டார். குடத்தை இறக்காமலே கேட்டார்.

ஆக வழி தெளிவாக இருக்கிறது. கையெழுத்துகள் அனைத்தும் போலி என்று புகார். 143 பேரும் தாங்கள் கையெழுத்தே போடவில்லை என்று உறுதிமொழி. போலி என்று வந்தால் போலீஸ் வரும், பத்திரிகை வரும், விசாரணை அதிகாரி கோப்பைத் தொடவே பயப்படுவார். 23-ஆம் தேதியே எல்லாம் நின்றுவிடும். இதைவிட வேகமான வழி இல்லை.

கன்னடத்தில் எழுதித் தர வேண்டியது நீ. ஒரு பக்கம் போதும். 'போலிக் கையெழுத்து' என்ற சொல் முதல் வரியிலேயே வர வேண்டும். பத்து நாளில் என் கையில் இருக்க வேண்டும்.

குழு விஷயம் பிறகு பேசலாம். விதி விதிதான்.

ரூபேஷ்

*

தாவணகெரே
29-9-2024

ரூபேஷுக்கு,

எழுதமாட்டேன்.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் சொல்கிறேன். அந்த ஐந்து பக்கத்தையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஒன்றுகூடப் போலி இல்லை. 57-ஆவது மரியகுழந்தை அண்ணன். பெயருக்குப் பக்கத்தில் சுரங்கத்தில் வேலைபார்த்த காலத்து ஷிப்ட் டோக்கன் நம்பரையும் எழுதியிருக்கிறார். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் எழுதுவார். எந்தப் போலிக்காரனுக்கு அந்த நம்பர் தெரியும்? 102-ஆவது எங்கம்மா. 'தங்கம்மா'வில் கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்கு வெளியே போய்விடும். போயிருக்கிறது. சாமுவேல் அண்ணன் பச்சை மையில் போட்டிருக்கிறார், ஆபீசர் மாதிரி.

இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் போடவில்லை என்று சத்தியம் செய்யவைப்பாயா? பென்ஷன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரி ஒத்துப்பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போது பொய் சொன்னது யார்? ஒப்பந்தக்காரர் இல்லை. என் அம்மா. அதற்குப் பிறகு ஹென்டர்சன் லைன் எதைச் சொன்னாலும் அந்த அலுவலகத்தில் சிரிப்பார்கள். உண்மையாகவே தண்ணீர் வரவில்லை என்று சொன்னாலும் சிரிப்பார்கள். அவர்கள் செய்த அயோக்கியத்தனத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட வேண்டாம்.

பொய் எழுதியது மேலே இருக்கும் பக்கத்தில். கீழே இருக்கும் ஐந்து பக்கமும் நிஜம். சண்டை மேல் பக்கத்தோடு மட்டும்தான் போட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

உன் இரண்டு கடிதத்திலும் எல்லா அளவும் இருக்கிறது. எத்தனை குழாய், எத்தனை அடி, எத்தனை நொடி. நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. அதை இன்னொரு தடவை கேட்கமாட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு சில்வியா போனில் சொன்னாள். உன் கடிதத்தில் அது இல்லை. நீ குடத்தைப் பார்த்தாய், முழங்காலைப் பார்க்கவில்லை.

ராதிகா

*

ஹென்டர்சன் லைன்
6-10-2024

ராதிகாவுக்கு,

16-11-2023, வியாழக்கிழமை, காலை 5 மணி 52 நிமிடம், ஊரிகம் ஸ்டேஷன் நடைமேடை. தாள்கள் ஆறு. கொடுத்தது நான். வாங்கியது ரவிகுமார்.

ரவிகுமாரை உனக்கு நினைவிருக்கும். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், குழாய்க்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம். யாரைப் பார்த்தாலும் "சாப்ட்டியா தம்பி" என்று கேட்பார். வார்டு கூட்டம் அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு. மனுவை அந்தக் கூட்டத்தில் கொடுத்தால்தான் பதிவாகும் என்றார்கள். எனக்கு 5:55 வண்டி. லீவ் இல்லை. நீ மைசூரில். அவர் பைக்கை நிறுத்திவிட்டு நடைமேடைக்கே வந்தார்.

"இன்னா தம்பி, கையில கட்டு?"

"மனு சார். கன்னடத்துல எழுதணும். எழுதுற பொண்ணு ஊர்ல இல்ல."

"அட, இது ஒரு வேலையா? குடு, நானே நாலு வரி எழுதி இன்னிக்கே சேத்துர்றேன். குழாய் சேந்தா எனுக்கும் நல்லதுதானே?"

வண்டி வந்துவிட்டது. கொடுத்தேன். அவர் கை காட்டி வழியனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது.

யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன். திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. பிறகு நகலும் கேட்கவில்லை, ஒப்புகைச் சீட்டும் கேட்கவில்லை. பத்து மாதம் நான் மனு கொடுத்துவிட்டேன் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் முதல் கடிதம் வந்தபோதே எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் வண்டியில் போய்ப் போலி என்று பேசினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதையும் நீ படி. எங்கள் லைனில் வேலைக்குப் போகும் வயதுக்காரர்களில் பாதிப் பேர் விடியும் முன் ரயிலேறுகிறார்கள், ராத்திரி எட்டுக்குத் திரும்புகிறார்கள். வார்டு கூட்டம் வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு. மேடைக்குப் பின்னால் 'மக்கள் பங்கேற்பு' என்று பேனர் கட்டியிருந்தார்களாம். எந்த மக்கள்? ஒரு குடிமகன் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட வேண்டும், தனக்கு எழுத வராத மொழியில் எழுத வேண்டும், மூன்று படி எடுக்க வேண்டும், தேடிப்போகும் அதிகாரி சீட்டில் இருக்க வேண்டும். இத்தனை வேலி போட்டுவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் ரவிகுமார் மாதிரி ஒருவரை நிறுத்திவைக்கிறார்கள், "குடு தம்பி" என்று கேட்பதற்கு. நான் மாட்டினேன். யாராக இருந்தாலும் ஒருநாள் மாட்டியிருப்பார்கள்.

இதை மன்னிப்புக்காக எழுதவில்லை. கணக்கில் அவர்கள் பங்கும் வரட்டும் என்று எழுதுகிறேன்.

இப்போதும் எனக்குப் போலி என்று சொல்வதுதான் வேகமான வழியாகத் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் ரவிகுமார் ஒரே வரியில் முடிப்பார்: 'அவரேதான் கொடுத்தார்.' அதோடு நான் லைனில் நடமாட முடியாது. பதினேழு நாள் இருக்கிறது. நீ சொல்.

உங்கம்மா முழங்காலைப் பார்த்தேன். வலது கால். வீக்கம் இருக்கிறது. நேற்றும் இன்றும் குடம் நான் எடுத்தேன். "ஒரு நாளிக்கி எடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத" என்றார்.

ரூபேஷ்

*

தாவணகெரே
12-10-2024

அன்புள்ள ரூபேஷுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் விநாயக்கிடம்கூடப் பேசாமல் உட்கார்ந்து எழுதினேன். கன்னடத்தில் ஒன்றரைப் பக்கம், இத்துடன் இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். 'இணைப்பில் உள்ள கையெழுத்துகள் எங்களுடையவை. அவற்றுக்கு மேலே எழுதியிருப்பது எங்களுடையது அல்ல. நாங்கள் வெற்றுத் தாளுக்குக் கீழே கையெழுத்திட்டோம். ரயில் பாதைக்கு அடியில் குழாயைச் சேர்க்கக் கேட்கும் மனு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் சங்கத்தின் செயலாளர் அந்தத் தாள்களை எழுத்து இல்லாமலே ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் கொடுத்தார். அதன் பிறகு எங்களில் யாரையும் எந்த அதிகாரியும் கேட்கவில்லை, எந்தக் குழாயையும் திறந்து பார்க்கவில்லை. இன்றைய தேதியில் 134 குழாய்களில் தண்ணீர் இல்லை.' அதன் பிறகு உன் அளவுகள்.

வேலியைப் பற்றி நீ எழுதியது முழுக்கச் சரி. வார்டு கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். ஆனால் யாராக இருந்தாலும் மாட்டியிருப்பார்கள் என்றாயே, அது சரியில்லை. நான் திங்கட்கிழமை வந்திருப்பேன்.

143 வீட்டுக்கும் நீயே போக வேண்டும். வாசலில் நின்று முதலில் நீ செய்ததைச் சொல். பிறகு தமிழில் முழுக்கப் படித்துக்காட்டு. பிறகு கையெழுத்து. வண்டியில் கும்பலாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதே. போடமாட்டேன் என்கிறவர்களோடு வாதாடாதே. உனக்கு வாதம் நன்றாக வரும், அதனால்தான் சொல்கிறேன்.

நான் அங்கே இருந்திருந்தால் கூட நடந்திருப்பேன். ஆனால் பேசியிருக்கமாட்டேன்.

அம்மா குடம் விஷயம் சொன்னாள். உன்னைத் திட்டித்தான் சொன்னாள்.

அன்புடன்,
ராதிகா

*

ஹென்டர்சன் லைன்
27-10-2024

அன்புள்ள ராதிகா,

143 வாசலிலும் நின்றேன். 15-ஆம் தேதியிலிருந்து 20 வரை, காலையில் வண்டிக்கு முன்பு ஐந்து வீடு, ராத்திரி வந்து பத்து வீடு, ஞாயிற்றுக்கிழமை மீதி எல்லாம். கையெழுத்துப் போட்டவர்கள் 118. போடாதவர்கள் 25.

திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். நிறையப் பேர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மரியகுழந்தை அண்ணன் கடைசி வரி வரை கேட்டார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டோக்கன் நம்பரோடு கையெழுத்துப் போட்டார். பிறகு, "ஷாஃப்ட்டுல ஆள எறக்கற கேஜ் கூண்டு இறங்கறதுக்கு முன்ன எத்தினி மணி அடிச்சாங்கன்னு எண்ணிட்டுத்தான் கால வெப்போம். நீ படிச்சவன், எண்ணாம வெச்சிட்ட" என்றார். அதட்டவில்லை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

உங்கம்மா கையெழுத்துப் போட்டார். "ரெண்டாவது தபா போடறேன். மூணாவது தபா கேட்ட, குடத்தாலயே அடிப்பேன்" என்றார். கடைசி எழுத்து வெளியேதான் போயிற்று.

சாமுவேல் அண்ணனிடம் சொன்னது வண்டியில் இல்லை, வீட்டு வாசலில்தான், 16-ஆம் தேதி காலை. முழுக்கச் சொல்லவிடவில்லை. "உனுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ண ரெடியா நின்னேன்டா. பைபிள் மேல. அப்பகூட ஒரு வார்த்த சொல்லத் தோணல உனுக்கு." கதவைச் சாத்திவிட்டார். வண்டியில் இப்போது வேறு பெட்டியில் ஏறுகிறார்.

23-ஆம் தேதி விசாரணைக்கு 41 பேர் வந்தோம். எல்லோருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. பதினொன்றுக்கு என்றார்கள், ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ரவிகுமாரும் வந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்து "சாப்ட்டியா தம்பி" என்றார். உண்மையாகவே கேட்டார் என்று நினைக்கிறேன். அதுதான் எரிச்சல்.

அதிகாரி உன் ஒன்றரைப் பக்கத்தை முழுக்கப் படித்தார். தலையைத் தூக்கி, செயலாளர் யார் என்று கன்னடத்தில் கேட்டார். எழுந்தேன். படித்தவர்தானே, வெற்றுத் தாளையா கொடுத்தீர்கள் என்றார். ஆமாம் சார், கொடுத்தேன், தப்பு என்றேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காது சுட்டது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "நான் வெற்றுத் தாள் கொடுத்தது ஒரு தப்பு. நீங்கள் அதை வாங்கி, ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்காமல் முத்திரை குத்தியது எத்தனை தப்பு? ஒரு குழாயைத் திறக்க நான்கு நொடி சார். உங்கள் கோப்பில் பதினோரு மாதம் இருக்கிறது" என்றேன். என் கன்னடத்தில் இலக்கணம் எவ்வளவு இருந்ததோ தெரியாது. அவர் பேனாவை எடுத்தார்.

ரவிகுமார் எதிர்பார்த்தபடியே, அவரேதான் கொடுத்தார் என்றார். அதைத்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்களே என்றார் அதிகாரி. நான் முதலில் கேட்டபடி நீ எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இடத்தில் நாங்கள் 41 பேரும் பொய்யர்களாக நின்றிருப்போம். இதை உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

தீர்ப்பு: திருப்திக் கடிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். திட்டம் மூடப்படவில்லை. நவம்பர் 14 அன்று அலுவலர்களும் லைன்காரர்களும் சேர்ந்து குழாய்களைப் பார்வையிட வேண்டும். பதினைந்து நாளுக்குள் அனுமதி கேட்டு ரயில்வேக்குக் கடிதம் போக வேண்டும். தண்ணீர் வரவில்லை. வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வார்டு கூட்டம் பற்றிய உன் பத்தியை 'கொள்கை முடிவு' என்று ஒதுக்கினார். அதை விடப்போவதில்லை.

இன்று காலை சங்கக் கூட்டம். செயலாளர் பதவியை நானே விட்டேன். விடாவிட்டாலும் எடுத்திருப்பார்கள். சில்வியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: 3-ஆம் விதியை மாற்றி, வெளியூர் போனவர்களும் உறுப்பினராக இருக்கலாம் என்று. தோற்றது, 22-க்கு 31. எதிராக முதலில் கை தூக்கியது உங்கம்மா. "அவ அங்கனா நிம்மதியா கீறா. உங்க குழாய்ச் சண்டைய அவ தலையில கட்டாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உன்னைக் குழுவிலிருந்து நீக்கியது விதிப்படி சரி. செய்தது தப்பு. கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குச் செய்தது இன்னும் தப்பு. உறுப்பினராக இல்லாமலே நீ எழுதித் தந்தாய் என்பது அந்த 118 பேருக்கும் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

தடையை நீக்கு என்று கேட்கவில்லை. தபால் போதும். நான்கு நாள் ஆகிறது, ஆகட்டும்.

அன்புடன்,
ரூபேஷ்
வீட்டு எண் 61

மறுபக்கம் பார். நான் இனிச் செய்யப்போவது:

1. நாளை லீவ் போட்டு விசாரணைக் குறிப்பின் நகலுக்கு விண்ணப்பம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்கமாட்டேன்.

2. நவம்பர் 8, ரயில்வே அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி கேட்கும் கடிதம் வந்ததா என்று கேட்பது. லீவ் மிச்சம் இரண்டு. இதற்கு ஒன்று.

3. நவம்பர் 14, கூட்டுப் பார்வை. மற்றொரு லீவ். மானியை நான் பிடிக்கமாட்டேன். அலுவலர் கையில் கொடுத்து அவரையே 134 குழாயிலும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். முள்ளை அவரே படித்து அவரே எழுதட்டும்.

4. வார்டு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று தனி மனு. எழுத்து முதலில், கையெழுத்து பிறகு. தாள் சில்வியாவிடம் இருக்கும்.

5. உங்கம்மாவின் முழங்காலுக்கு ராபர்ட்சன்பேட்டை டாக்டர். சனிக்கிழமை. வரமாட்டேன் என்கிறார். ஆட்டோவைச் சொல்லிவிட்டேன்.

6. 88-ஆம் வீடு, சாமுவேல் அண்ணன். 16-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு தடவை தட்டினேன், திறக்கவில்லை. மறுபடியும் போவேன். கையில் தாள் எதுவும் கொண்டுபோகமாட்டேன்.